படி அரிசியும் வாக்குச் சீட்டும்

(யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில், கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த சபையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு.)



தேர்தற் காலத்தில் ஓர் அரசியற் கட்சி பொதுமக்களோடு எவ்வாறு பேசுகின்றது என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இதைப் பொதுப்படப் பேசப் புகுந்தால் எல்லாக் கட்சிகளையும் சற்றே குறை கூறி, எல்லோரையும் சற்றே புகழ்ந்து, நாழிகையைக் கழித்துவிட்டு அமரலாம். அப்படிப்பட்ட பேச்சுக்களை இந்த மேடை போதிய அளவு கேட்டிருக்கும். ஆகையால் ஒரேயொரு தேர்தலை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். 1967ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் அன்றைய சென்னை இராச்சியத்தில் நடைபெற்ற சட்டசபைத் தேர்தல் அது. அத்தேர்தலிலே திராவிட முன்னேற்றக் கழகம் ஒரு வாக்கியத்தை மக்கள் முன் வைத்தது. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்பதே அவ்வாக்கியம். நெல் விளைவிப்பவர்களும் அரிசி வாங்குபவர்களும் ஒருங்கே அமர்ந்திருக்கும் இச்சபையில் ஆராய்வதற்கு இதனினும் தக்க வாக்கியம் எனக்குத் தென்படவில்லை.

முதலில் எதிர்த்தரப்பின் நிலையைக் காண்போம். காங்கிரஸ் கட்சி சொல்லுவதற்கு விஷயமில்லாத கட்சியாக அத்தேர்தலுக்கு வரவில்லை. 1954 முதல் 1963 வரை முதன் மந்திரியாக இருந்த காமராசர் அவர்கள் ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்தார். 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சாத்தனூர், மணிமுத்தாறு, வைகை என்று அணைகள் எழுந்தன. கிணறுகளுக்கு மின்சார இயந்திரம் வந்தது. இவற்றையெல்லாம் காங்கிரஸ் மேடைகள் எடுத்துரைத்தன. சொன்னவற்றுள் பொய் மிகக் குறைவு. ஆயினும் மக்கள் செவி அப்பக்கம் திரும்பவில்லை. 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்தியாவின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்திருக்கும் நிலை ஏற்பட்டது. அரிசி விலை ஏறியது. கடை வாசலில் வரிசை நீண்டது. பானையில் அரிசி போடும் வேளையில் வைகை அணையின் நீளத்தைக் கேட்க எந்தத் தாய்க்குத்தான் பொறுமை இருக்கும்? பத்தாண்டுச் சாதனையின் பட்டியலைப் படித்த கட்சி, அந்த வாரத்துச் சந்தை விலைக்கு விடை கூறவில்லை.

கழகமோ ஒரே நாளில் இவ்விடத்துக்கு வந்ததன்று. 1949 செப்ரெம்பர் 17ஆம் திகதி சென்னையில் ஆரம்பிக்கப்பட்ட அக்கட்சி 1957இல்தான் முதன்முறையாகத் தேர்தலிற் குதித்து 15 ஆசனங்களைப் பெற்றது. 1962இல் 50 ஆசனங்கள் கிடைத்தன. ஆனால் அதே தேர்தலில் தலைவர் அண்ணாதுரை அவர்களே காஞ்சிபுரத்தில் தோல்வியுற்றார். 1963இல், பிரிவினை கோருவதைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வந்தபோது, திராவிட நாட்டுக் கோரிக்கையையே கைவிட வேண்டியும் நேர்ந்தது. மூலக் கோரிக்கையை இழந்த ஒரு கட்சி நான்கே ஆண்டுகளில் ஆட்சியைப் பிடித்ததென்றால், அதற்குக் காரணம் அதற்கு முன்னரே மக்களின் செவியை அது பெற்றிருந்தமையேயாகும்.

அச்செவியை எவ்வாறு பெற்றனர்? அக்காலத்தில் அந்த இராச்சியத்தில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே எழுத்தறிந்தவர். வானொலி மத்திய அரசாங்கத்தின் கையில் இருந்தது. கட்சிகளுக்குத் தேர்தல் உரை நிகழ்த்த அங்கே இடமில்லை. அந்த வசதி 1977இல்தான் இந்தியாவில் வந்தது. ஆகவே கழகத்தார் படிப்பகங்களை நாடினர். 'திராவிட நாடு', 'முரசொலி', 'நம் நாடு' முதலிய பத்திரிகைகளை ஒருவர் உரத்து வாசிக்க, சுற்றியிருந்த பலர் கேட்பர். முடி திருத்தும் நிலையமும் தேநீர்க் கடையும் வகுப்பறைகளாயின. நாடகம் வந்தது, அதன்பின் 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி' என்று திரைப்படமும் வந்தது. வாசிகசாலை நடத்துவோர் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஒரு பத்திரிகைப் பிரதி எத்தனை பேரைச் சென்றடையும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்தற் சின்னமும் அவர்களுக்கு உதவியது. இரண்டு மலைகளுக்கிடையே எழும் சூரியனைச் சுண்ணாம்பு கொண்டு சுவரில் வரையப் பள்ளிச் சிறுவன் ஒருவனே போதும். காங்கிரசாரின் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளையை வரைய ஓரளவாவது கைப்பழக்கம் வேண்டும்!

1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தையும் கூறாமல் விடுதல் முறையன்று. சனவரி 26ஆம் திகதி முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து மாணவர் கிளர்ந்தெழுந்தனர். தீக்குளித்து மாண்டோர் உளர்; பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானோரும் உளர். மொழியுரிமை என்றதும் நம்முடைய செவி தானாகவே அப்பக்கம் சாயும். 1956ஐ மறவாதவர்கள் நாம். அந்தப் போராட்டமே கழகத்தின் வெற்றிக்கு முழுக் காரணம் என்று இங்கே பலர் எண்ணுவதும் அதனால்தான். எனது கருத்து அதனின்றும் சற்று வேறுபட்டது. மொழிக் கிளர்ச்சி மாணவரையும் பட்டணத்து மத்தியதர வகுப்பினரையும் உணர்ச்சியூட்டி எழுப்பியது. தொண்டு செய்ய ஆயிரமாயிரம் இளைஞரைக் கழகத்துக்கு அளித்தது. அந்த இளைஞர் வீடு வீடாகச் சென்றபோது வாசலில் நின்று பேசியதோ அரிசியைப் பற்றித்தான். வீட்டுப் பெண்களின் வாக்கு அங்கேதான் இருந்தது.

இனி அந்த வாக்கியத்தையே எடுத்துப் பார்ப்போம். அதிலுள்ள அளவுச் சொல் 'படி'. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கிலோவும் லீற்றரும் இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டன. அரசாங்கக் காகிதங்கள் கிலோவிலே பேசின. கழகம் படியிலே பேசியது. அடுப்படியில் உள்ள அளவு அது. நம் ஊரில் கொத்து என்பது போல. அடுத்ததாக 'ரூபாய்க்கு' என்ற சொல். கூலிக்காரன் கையில் மாலையில் வந்து விழுவது ரூபாய்தான். விலைவாசிச் சுட்டெண் என்று சொல்லியிருந்தால் பொருளாதாரம் கற்றவர்கள் தலையசைத்திருப்பர், வேறெவரும் அசைத்திருக்கமாட்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. மூன்று படி லட்சியம் என்றும், ஒரு படி நிச்சயம் என்றும் ஒரே மூச்சிற் கூறினர். எழுத்தைப் பார்த்தால் இதில் ஏமாற்று எதுவுமில்லை. விரும்புவது எது, செய்து தருவது எது என்று பிரித்தே சொல்லிவிட்டனர். இக்காலத்துத் தேர்தல் விஞ்ஞாபனங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதைப் பார்க்கும்போது, அந்தக் காற்புள்ளியை நான் மதிக்கிறேன். ஆனால் செவி எழுத்தைப் போன்று நியாயமாக நடந்துகொள்வதில்லை. 'மூன்று' முதலில் வந்தது, பெரிதாகவும் இருந்தது. கூட்டத்திலிருந்து வீடு திரும்பியவன் மனைவியிடம் கூறியது மூன்று படியைப் பற்றியா, ஒரு படியைப் பற்றியா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அண்ணாதுரை அவர்கள் தமிழ்ச் சொல்லின் நிறையை நன்கறிந்தவர். எந்தச் சொல் காதில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதிருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இந்த வாக்கியம் இன்னொரு வேலையையும் செய்தது. கழகத்தோடு தொகுதி உடன்பாடு செய்திருந்த கட்சிகளை எண்ணிப் பாருங்கள். இராசாசி அவர்களின் சுதந்திராக் கட்சி ஒரு புறம். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுகள் மறு புறம். முஸ்லிம் லீக், சோஷலிஸ்ட் கட்சிகள், ம.பொ.சிவஞானம் அவர்களின் தமிழரசுக் கழகம், ஆதித்தனார் அவர்களின் நாம் தமிழர் இயக்கம் ஆகியனவும் உடனிருந்தன. தானிய வியாபாரத்தில் அரசாங்கம் கை வைக்கலாகாது என்பது சுதந்திராக் கட்சியின் சித்தாந்தம். அரசாங்கமே கொள்முதல் செய்து வழங்க வேண்டும் என்பது மார்க்சிஸ்டுகளின் சித்தாந்தம். இவ்விரு சாராரும் ஒரே மேடையில் அமர்ந்து என்னதான் சொல்ல முடியும்? அரிசி மலிவாக வேண்டும் என்று சொல்லலாம். எந்த வழியால் மலிவாகும் என்பதை மாத்திரம் சொல்லாமல் விட வேண்டும். படி எல்லோர் கண்ணிலும் பட்டது. அதை நிரப்பும் கையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

சனவரி 12ஆம் திகதி எதிர்பாராத ஒரு சம்பவமும் நிகழ்ந்தது. நடிகர் எம்.ஜி.ஆர். அவர்கள் நடிகர் எம்.ஆர்.ராதாவினாற் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் படம் சுவரொட்டியாக இராச்சியமெங்கும் ஒட்டப்பட்டது. பறங்கிமலைத் தொகுதியில் அபேட்சகராக நின்ற அவர் பிரசாரத்துக்கே செல்லாமல் வெற்றி பெற்றார். இதைப்பற்றி நீட்டிப் பேசப் பலருக்கு ஆசை உண்டு. எனக்கு அவ்வளவாக இல்லை. அந்தப் படம் ஆர்வத்தைப் பெருக்கியிருக்கலாம். அரிசிக் கடை வரிசையை அந்தப் படம் உண்டாக்கவில்லை.

முடிவு யாவரும் அறிந்தது. 234 ஆசனங்களில் கழகம் 137, காங்கிரஸ் 51. விருதுநகரில் காமராசர் அவர்களையே ஒரு மாணவர் தலைவர் 1,285 வாக்குகளால் தோற்கடித்தார். ஆயினும் பலர் கவனியாத ஒரு கணக்கு உண்டு. மொத்த வாக்குகளில் காங்கிரசுக்கு நூற்றுக்கு 41க்குச் சற்று அதிகம். கழகத்துக்கு 41க்குச் சற்றுக் குறைவு. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. கழகம் 174 தொகுதிகளில் மட்டும் நின்று மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. ஒரு வாக்கியம் நாடு முழுவதையும் புரட்டிவிட்டது என்று பின்னாளில் எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். எதிர்ப்பு வாக்குகள் சிதறாதபடி ஒரு குடையின் கீழ் அவற்றைத் திரட்டியதே அந்த வாக்கியம் செய்த பணி. அதுவும் சிறு பணியன்று.

இனித்தான் நம்மைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வருகின்றது. படியை நிரப்பியவர் யார்?

மார்ச் 6ஆம் திகதி அண்ணாதுரை அவர்கள் முதன் மந்திரியானார். ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டம் அதே ஆண்டிற் சென்னை, கோவை ஆகிய நகரங்களில் தொடங்கப்பட்டது. அரசாங்கம் கொடுத்து வாங்கும் விலைக்கும் ஒரு ரூபாய்க்கும் உள்ள இடைவெளியைக் கஜானா தாங்க வேண்டும். கஜானாவால் தாங்க முடியவில்லை. மற்ற ஊர்களுக்கு விரிவதற்கு முன்னரே திட்டம் தளர்ந்து, பின்னர் கைவிடப்பட்டது. நிச்சயம் என்று சொன்ன ஒரு படியே நிற்கவில்லை. லட்சியத்தைப் பற்றிக் கூறுவானேன்!

அதே அரசாங்கம் செய்து முடித்த வேறு காரியங்களையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இராச்சியத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடும் தீர்மானம் 1967 யூலை 18ஆம் திகதி நிறைவேறியது. சுயமரியாதைத் திருமணங்கள் சட்டபூர்வமாயின. 1968 சனவரியில் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே பாடசாலைகளில் என்ற இருமொழித் தீர்மானம் வந்தது. இவை இன்றும் நிலைத்து நிற்கின்றன. சட்டசபையில் கை உயர்த்தி முடிக்கக்கூடியவை முடிந்தன. களஞ்சியத்திலிருந்து நெல் வரவேண்டிய காரியம் முடியவில்லை. கூட்டங்களிற் கேட்ட வாக்குறுதிகளை இவ்விரு வகையாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அன்றைய வாக்காளருக்கு இருக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரையில் இன்றும் அது அரிது.

நெல் எங்கிருந்து வரவேண்டும்? தஞ்சாவூரிலிருந்து. 1965இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதலாவது மாவட்ட அலுவலகம் அங்கேதான் திறக்கப்பட்டது. காவிரிப் பாசனத்து அந்தப் பூமியில் நிலமுடையோர் சிலர். கூலிக்கு உழைப்போர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ரூபாய்க்கு மூன்று படி என்ற சுலோகம் அரிசியை விலைக்கு வாங்குபவனை நோக்கிப் பேசியது. விளைவிக்கும் கமக்காரனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அறுவடைக் கூலியாக நெல்லை அளந்து வாங்கிச் செல்பவனுக்கும் ஒரு சொல் இல்லை. 1968 டிசம்பர் 25ஆம் திகதி இரவு, அந்தத் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசையினுள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். அதற்கு மூலமாக இருந்த கூலித் தகராறு அரைப்படி நெல்லைப் பற்றியது. படியைச் சொல்லி ஆட்சிக்கு வந்து இரண்டாண்டு நிறையுமுன், அதே இராச்சியத்தில் அரைப்படி அதிகம் கேட்டவர்களின் குடும்பங்களுக்கு இது நேர்ந்தது. முதன் மந்திரி அவர்கள் அப்போது கொடிய நோய்வாய்ப்பட்டிருந்தார். 1969 பெப்ருவரி 3ஆம் திகதி காலமானார். அவரைக் குற்றவாளியாக்க நான் இதைச் சொல்லவில்லை. தேர்தல் மேடையில் எவரை நோக்கிப் பேசுகின்றார்கள் என்பதைக் கவனிப்பவர்கள், எவரை நோக்கிப் பேசவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

கடலுக்கு இப்பால் நாமும் இதே பாடத்தை வேறு புத்தகத்திற் படித்தவர்கள். 1953இல் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா அவர்கள் பதவி விலகினார். அவரே மீண்டும் பிரதமராக இருந்த 1966 இறுதியில் இரண்டு கொத்து ஒரு கொத்தாகக் குறைந்தது. குறைந்ததை இலவசமாகத் தந்தார். 1970இல் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அவர்களின் ஐக்கிய முன்னணி, வெட்டப்பட்ட கொத்தை மீளத் தருவோம் என்றது. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற பேச்சு அத்தேர்தலில்தான் எழுந்தது. 151 தொகுதிகளில் 116ஐ முன்னணி வென்றது. 1973இல் கூப்பன் அரிசி வெட்டுண்டது. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லவும் தடை வந்தது. வாக்குறுதியில் எங்குமே சொல்லப்படாத ஒன்று அக்காலத்தில் நம் குடாநாட்டுக்கு வாய்த்தது. இறக்குமதித் தடையினால் மிளகாயும் வெங்காயமும் விலை ஏறித் தோட்டக்காரர் கையிற் காசு புரண்டது. அந்தக் காசில் கட்டிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. 1977க்குப் பின் கதவு திறக்கப்பட்டதும் அதுவும் போயிற்று. எந்த மேடையிலும் எவரும் நம் மிளகாய்க்கு வாக்குறுதி தரவுமில்லை. அதைப் பறிப்போம் என்று முன்கூட்டிச் சொல்லவுமில்லை.

தமிழ்நாட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். கைவிடப்பட்ட படி செத்துவிடவில்லை. 1983 சனவரியில் அண்டைய ஆந்திராவில், ஆரம்பித்து ஓராண்டுகூட நிறையாத தெலுங்கு தேசம் கட்சி, கிலோ அரிசி இரண்டு ரூபா என்று கூறி ஆட்சியைப் பிடித்தது. 2006இல் தமிழ்நாட்டில் தி.மு.க. அதே இரண்டு ரூபாவை முன்வைத்தது. 2008இல் அதனை ஒரு ரூபாவாக்கியது. 2011 யூன் மாதத்தில் செல்வி ஜெயலலிதா அவர்களின் அரசாங்கம் அந்த ஒரு ரூபாவையும் நீக்கி இலவசமாகவே வழங்கத் தொடங்கியது. 1967இல் ஒரு ரூபாய்க்கு ஒரு படி தரமுடியாத அதே கஜானாவுக்கு இது எப்படி இயன்றது? சுலோகம் கெட்டிக்காரத்தனமாக மாறிவிட்டதனாலன்று. இடைப்பட்ட காலத்திற் குட்டை நெல் இனங்கள் வந்தன. பஞ்சாபிலும் ஆந்திராவிலும் தஞ்சையிலும் விளைச்சல் பெருகியது. மத்திய அரசாங்கத்தின் களஞ்சியங்கள் நிறைந்தன. 1972 முதல் தமிழ்நாட்டுக்கெனத் தனி நுகர்பொருள் வாணிபக் கழகம் ஒன்று இயங்கியது. ஊருக்கு ஊர் நியாயவிலைக் கடை திறந்தது. இவற்றைச் செய்தவர்களுள் பயிராராய்ச்சிக்காரரும், களஞ்சியக் கணக்கரும், லொறிச் சாரதிகளும், சேற்றில் நின்ற பெண்களும் அடங்குவர். வாக்குறுதியின் பெருமை, அதை உச்சரித்த வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த இலவச அரிசிக்கான நெல்லில் ஒரு பகுதியைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகபட்டினம் பகுதிகளில் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் அரசாங்க விலைக்கு வாங்குகின்றன. அறுவடைக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டால் அங்கே நடப்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். நெல்லைக் குவித்து வைத்து முறைக்காகக் காத்திருக்கும் கமக்காரன், தார்ப்பாய் போதாமல், ஈரப்பதம் கூடிவிட்டதென்று திருப்பி அனுப்பப்பட்டு, முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக் காட்டுகிறான். கிளிநொச்சியிலும் மன்னாரிலும் நெல் விதைப்பவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். நெல்லுக்கு விலை கேட்டு, வாங்குவாரைத் தேடி நிற்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் எந்தக் கட்சி அபேட்சகர் இந்த வாசிகசாலைக்கு வந்தாலும், என்ன விலைக்கு அரிசி தருவீர்கள் என்று கேட்குமுன், எவரிடமிருந்து, என்ன விலைக்கு, எந்தப் பணத்தில் நெல் வாங்குவீர்கள் என்று அவர்களே எழுந்து கேட்கட்டும். விடையை நமது காரியதரிசி திகதியிட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்பதற்கு விழாக் குழுவினர் இசைவார்கள் என்று எண்ணுகிறேன்.

மணி ஆகிவிட்டது, கலை நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கேள்விகள் இருப்பின் இப்பொழுதே கேட்கலாம்.